ஜெயம்மாவோட ரோஜாத் தொட்டிக்கு நான் போட்ட போர்வை

அந்தக் குளிர்காலத்துல எனக்கு இருந்தது ரெண்டே வேலை. வீட்டு ஜன்னல் இடுக்கை எல்லாம் அடைக்கணும். வெளியில இருக்கற ரோஜாத் தொட்டிக்கு மூடாக்கு போடணும்.

தொண்ணூறுகள் முடியற சமயம். நான் வேலூர்க்காரி, வெயில்லயே வளர்ந்தவ. கல்யாணமாகி பெங்களூர் வந்து அது ரெண்டாவது குளிர்காலம். முதல் குளிர்காலத்துல ரெண்டு ஸ்வெட்டரைப் போட்டதோட சரி, ஜனவரி முடிஞ்சப்புறம்தான் கழட்டினேன்.

ஹனுமந்தநகர்ல கீழ்வீட்டுல நாங்க குடித்தனம். மாடியில ஓனர் ஜெயம்மா. கன்னடக்காரங்க, ஆனா தமிழ் நல்லாப் பேசுவாங்க. அவங்களுக்கு உசுருன்னா அந்தப் பன்னெண்டு ரோஜாத் தொட்டிதான். எங்க சமையலறை ஜன்னலுக்கு வெளியில வரிசையா இருக்கும்.

ஜனவரி கடைசியில ஏரியா பார்க்குல பூப்போட்டி நடக்கும், காய்கறிச் செடிக்கும் ஒரு பிரிவு உண்டு. மூணு வருஷமா ஜெயம்மாவுக்கு ரெண்டாம் பரிசு. முதல் பரிசு எப்பவும் எதிர்வீட்டு சரோஜம்மாவுக்கு. தினமும் கோலம் போடும்போது ரெண்டு பேரும் சிரிச்சுப்பாங்க பாருங்க, அதைப் பார்த்தா நமக்கே பயமா இருக்கும்.

அந்த வருஷம் பொண்ணுக்குப் பிரசவம்னு ஜெயம்மா மைசூர் கிளம்பிட்டாங்க. போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"ரேவதி, செடியெல்லாம் கவாத்து பண்ணிட்டேன். இப்போ வெறும் குச்சிதான். குளிருக்கு வேர்ல நார்த்தூள் கொட்டி மூடாக்கு போட்டுடு. தைக்கு மொட்டு வந்துடும். உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு. அந்த ஊர்ல என்னை நம்பி ஒருத்தர் ஒரு டம்ளர் கூடக் குடுத்ததில்ல. பன்னெண்டு தொட்டி!

முதல்ல ஜன்னல். ரப்பர் பீடிங் வாங்கி ஒட்டலாம்னார் என் வீட்டுக்காரர். "எதுக்குங்க தண்டச்செலவு?"ன்னு சொல்லிட்டு, பழைய பேப்பரைக் கிழிச்சு, மைதா பசை காய்ச்சி, எல்லா இடுக்கையும் ஒட்டினேன். ஒரு பொட்டுக் காத்து உள்ள வரல.

மறுநாள்தான் தெரிஞ்சுது, ஜன்னலும் திறக்கல.

"பரவால்ல விடு, மார்ச்ல உடைச்சுக்கலாம்"னார்.

அடுத்து மூடாக்கு. நர்சரியில தேங்காய் நார்த்தூள் விலை கேட்டேன். கேட்டுட்டு அப்படியே திரும்பி வந்துட்டேன்.

அப்போதான் எங்க பக்கம் கடலைக்காய் பரிஷே முடிஞ்சிருந்தது. கார்த்திகையில கோயில் தெரு முழுக்க வேர்க்கடலைக் கடை போடற திருவிழா. மொத்த ஊரும் வந்து கொறிச்சுட்டுப் போயிடும். மறுநாள் காலையில தெருவுல முழங்கால் உயரத்துக்குக் கடலை ஓடு!

எனக்கு மூளை வேலை செஞ்சுது. ஐயோ, அது வேலை செய்யாமலே இருந்திருக்கலாம்.

ரெண்டு சாக்கைத் தூக்கிட்டு, வீட்டுக்காரரை ஸ்கூட்டரோட இழுத்துட்டுப் போனேன். தெருப் பெருக்கிட்டிருந்த அம்மா கிட்ட, "இதை நான் எடுத்துக்கட்டா?"ன்னு கேட்டேன்.

"தாராளமா எடுத்துக்க தாயீ. தினமும் வா"ன்னாங்க.

நான் அள்ளறேன், இவர் ஹெல்மெட்டைக் கழட்டாம நிக்கறார்.

"ஏங்க, வேர்க்குது பாருங்க, கழட்டுங்களேன்."

"ஆபீஸ்ல எல்லாரும் இந்த வழியாத்தான்டி போவாங்க!"

வீட்டுக்கு வந்து பன்னெண்டு தொட்டியிலயும் கொட்டினேன். கொஞ்சமா இல்ல. குளிருதேன்னு குச்சிக்குக் கழுத்து வரைக்கும் கொட்டினேன். ஓட்டோட ஓடா வறுக்காத முழுக் கடலையும் நிறைய கிடந்துச்சு. மக்கினா உரம்தானேன்னு விட்டுட்டேன்.

மறுநாள் காலையில சமையலறையில நின்னா, வெளியில கீச்சுகீச்சுன்னு ஒரே சத்தம். பார்த்தா அணில்! ஒண்ணு ரெண்டு இல்ல, சம்பந்தி வீட்டு ஜனம் மாதிரி மொத்தமா வந்து இறங்கியிருக்கு. தொட்டி தொட்டியா ஏறி மண்ணைத் தோண்டுதுங்க.

"சூ! சூ!"ன்னு ஜன்னலைத் திறக்கப் போனேன். எங்க திறக்க? என் மைதா பசை அவ்வளவு சுத்தம்!

கண்ணாடியைத் தட்டினேன். ஒரு அணில் நிமிர்ந்து என்னைப் பார்த்துச்சு. திரும்பவும் தோண்ட ஆரம்பிச்சுது. வாசல் வழியா சுத்தி ஓடினேன். போறதுக்குள்ள ஒண்ணைக்கூடக் காணோம். உள்ள வந்தா மறுபடியும் ஆஜர். ஒரு வாரம் இதே ஓட்டம்தான். குளிரே தெரியல எனக்கு.

"தின்னுட்டுப் போகட்டும் விடு. மண்ணையும் கிளறிவிடுது, உனக்கு வேலை மிச்சம்"னார் இவர்.

தின்னதுதான் எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். புதைச்சது தெரியாது.

நானும் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைன்னு தண்ணி ஊத்தினேன். ரெண்டு வாரத்துல பார்த்தா, தொட்டி தொட்டியா பச்சைப் பசேல்னு துளிர்! இலையும் ரோஜா இலை மாதிரியே குட்டிக் குட்டியா. என்ன, குச்சி மட்டும் கருத்துக்கிட்டே போச்சு. சத்தெல்லாம் கீழ இறங்கிடுச்சு போலன்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை ஆனா ஜெயம்மா மைசூர்லேர்ந்து போன் பண்ணுவாங்க.

"துளிர் விட்டுதா ரேவதி?"

"அமோகமா வந்திருக்கும்மா! சாயங்காலம் ஆனா இலையெல்லாம் கை கூப்பின மாதிரி மூடிக்குது. பாவம் குளிருதுன்னு இவரோட பழைய பனியனைப் போர்த்தி விடறேன்."

"ரோஜா இலை மூடிக்குதா? முள்ளு எப்படி இருக்கு?"

"ஒரு முள்ளு கிடையாது! கையில குத்தவே இல்லம்மா!"

அவங்க வேற ஏதோ கேட்க ஆரம்பிச்சாங்க. குழந்தை அழுதுச்சு, வெச்சுட்டாங்க.

ஜனவரி நடுவுல ஒருநாள் காலையில பூ! நான் குதிச்ச குதியில இவர் காபியைக் கொட்டிக்கிட்டார். அடுத்த ஞாயிறு வரைக்கும் யார் பொறுக்கறது? நானே மைசூருக்குப் போன் போட்டேன்.

"அம்மா, பூ வந்துடுச்சு! மஞ்சப் பூ!"

"என்கிட்ட மஞ்ச ரோஸே கிடையாதே!"

"அதாம்மா அதிசயம்! சின்னதாத்தான் இருக்கு, மண்ணுக்குப் பக்கத்துலயே பூத்திருக்கு. ஆனா பன்னெண்டு தொட்டியிலயும் மஞ்சள்!"

"ஹௌதா? நாளேனே பர்த்தீனி!"ன்னு கத்தினாங்க. அப்படியா, நாளைக்கே வந்துடறேன்னு அர்த்தம்.

வந்தாங்க. பையைக் கூட மாடியில வைக்கல, நேரா தொட்டிகிட்ட போனாங்க. நான் பின்னாடியே, பரிசே வாங்கிட்ட மாதிரி நடந்தேன்.

குனிஞ்சாங்க. ஒரு பனியனை விலக்கினாங்க. ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்தாங்க.

"அய்யோ தேவரே! இது கடலைக்காய்ச் செடி ரேவதி!"

எனக்குக் காதுல ஙொய்ங்குது. அவங்க ஒரு ரோஜாக் குச்சியைத் தொட்டாங்க. அழுகிப் போய் அப்படியே கையோட வந்துச்சு. இன்னொண்ணும் வந்துச்சு. பன்னெண்டும் வந்துச்சு.

அவங்க முகத்தைப் பார்க்க முடியல. "என்னை மன்னிச்சுடுங்கம்மா"ன்னு ஓன்னு அழுதுட்டேன். வீட்டுக்காரர் மெதுவா என் பின்னாடி வந்து, "முள்ளு இல்லாதப்பவே யோசிச்சிருக்கலாம்"னார். அன்னிக்கு ராத்திரி அவருக்கு உப்புமாதான்.

ஜெயம்மா வாயைத் திறக்கறதுக்குள்ள கேட்ல சத்தம். சரோஜம்மா!

"என்ன ஜெயம்மா, மஞ்ச ரோஸ் பூத்திருக்குன்னு நேத்து போன்ல அவ்வளவு பெருமை அடிச்சே? எங்க, காட்டு?"

எனக்கு உசுரே போச்சு. மைசூர்லேர்ந்தே டமாரம் அடிச்சுட்டாங்களா!

ஜெயம்மா நிமிர்ந்தாங்க. கையில இருந்த அழுகின குச்சியை முதுகுக்குப் பின்னாடி மறைச்சாங்க. சிரிச்சாங்க, அதே கோலம் போடற சிரிப்பு.

"ரோஸா? மஞ்சப் பூன்னுதானே சொன்னேன். ரோஸ் எல்லாம் அலுத்துப் போச்சு சரோஜா. அதை உனக்கே விட்டுக் குடுத்துட்டேன். இந்த வருஷம் நான் தொட்டிக் காய்கறி பிரிவுல நிக்கறேன். எல்லாம் நம்ம ரேவதி ஐடியாதான்."

சரோஜம்மா கேட்டைப் படார்னு சாத்திட்டுப் போனாங்க. ஜெயம்மாவுக்கு அந்த ஒரு நிமிஷமே முதல் பரிசு கிடைச்ச மாதிரி. அப்புறம் என் பக்கம் திரும்பினாங்க.

"சொல்லியாச்சு. இனிமே ஜெயிச்சுக் காட்டறது உன் பொறுப்பு."

பத்து நாள் அந்தக் கடலைச் செடிக்கு நான் பண்ணின சேவை, கட்டின புருஷனுக்குக் கூடப் பண்ணினதில்ல. போட்டியன்னிக்கு ஆட்டோ வெச்சு எல்லாத் தொட்டியையும் பார்க்குல கொண்டு போய் வரிசையா அடுக்கினோம்.

மூணாவது பரிசு! ஒரு பிளாஸ்டிக் டப்பா குடுத்தாங்க. ஜெயம்மா என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. நான் வேலூருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிட்டேன்.

அப்புறமாத்தான் விசாரிச்சோம், ரெண்டாம் பரிசுக்குத் தகுதியா யாரும் இல்லைன்னு விட்டுட்டாங்களாம். அந்தப் பிரிவுல கலந்துக்கிட்டதே எங்களையும் சேர்த்து மொத்தம் ரெண்டு பேராம்.