கமலாம்பாள் மாமியின் காகங்கள்

வயதானவர்களைச் சந்தோசப்படுத்தாமல் விடமாட்டேன் என்று இறங்கிவிட்ட ஓர் இனம் ஊருக்கு ஊர் உண்டு. எங்கள் உடப்புக் கிராமத்தில் ஒருவர்தான். ஒருவரே தாங்காது.

அருள்குமரனைச் சொல்கிறேன். சிலாபத்தில் ஒருநாள் பயிற்சிக்குப் போய், மத்தியானச் சோறும் கழுத்தில் தொங்கும் அட்டையும் வாங்கிவந்து, சனிக்கிழமைதோறும் பொது மண்டபத்தில் முதியோருக்குச் சித்திர வகுப்பு நடத்துகிறவர். அந்த அட்டையைக் குளிக்கும்போதும் கழற்றுவதில்லை என்று அவர் பெண்சாதியே என் பெண்சாதியிடம் சொன்னாளாம். "மனசில உள்ளதை அப்பிடியே கீறுங்கோ" என்பார். கீறி முடித்ததும் பிறஷைப் பறித்துத் திருத்துவார்.

கமலாம்பாள் மாமி ஆயுள் முழுக்கக் கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக் காகம் கலைத்தவர். "வெயிலுக்க கிடக்க வேணாம் மாமி" என்று மருமகள் நிலக்ஷி, நல்ல எண்ணத்தில்தான், கருவாட்டுக்கு மேலே வலையைக் கட்டிவிட்டாள். காகமும் போச்சு, மாமியின் பேச்சும் போச்சு. வீட்டுப் படலையைத் தாண்டித் தெருவில் இறங்குவதே இல்லை. இழுத்துவந்து வகுப்பில் இருத்தினார்கள். தாள் முழுக்கக் காகம் கீறினார் மாமி.

"இன்னும் கறுப்புக் கொண்டாங்கோ!"

மாதக்கணக்கில் மாமி வாய்திறந்தது அப்போதுதான். சிரித்தும் விட்டார்.

அருள்குமரனுக்குப் பொறுக்குமா? கறுப்பென்றால் மனக்கவலை என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்களே! வகுப்புச் சித்திரங்களின் கண்காட்சியன்று பார்த்தால் அத்தனை காகமும் பச்சைக் கிளி. மூலையில் மஞ்சள் சூரியன். சூரியனுக்கு வாய். வாயில் சிரிப்பு.

"தம்பி, கிளி கருவாடு தின்னுமோ?"

"மனசுக்குச் சந்தோசமா இருக்கட்டும் எண்டுதான் மாமி."

"ஆர்ர மனசுக்கு?"

அதற்குள் அவர் பிரதம விருந்தினருக்கு மாலை போட ஓடிவிட்டார். மாமி வீட்டுக்குப் போய்ப் பாயில் சுருண்டார். அடுத்த சனி வரவில்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. "இன்னும் ரெண்டு நிறம் சேர்த்திருக்கலாம்" என்று வருந்தினார் அருள்குமரன்.

நிலக்ஷி கெஞ்சிக் கூத்தாடியதில் மாமி ஒரு நிபந்தனையோடு திரும்பி வந்தார்: காகம் கலைக்கிற கம்பும் கூட வரும். கம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முதல் காகத்தைக் கீறினார். இரண்டாவதைக் கீறினார். நம்மவர் பச்சைப் பிறஷோடு ஓரமாக வந்தார்; தலையைச் சரித்து, பார்க்காததுபோலப் பார்த்து, ஒரு தத்து, இன்னொரு தத்து.

"சூ!"

கம்பு கதிரை முதுகில் விழுந்த சத்தத்தில் அருள்குமரன் வாசலில் நின்றார். மாமி மூன்றாவது காகத்தைத் தொடங்கினார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் தாள் முழுக்கக் காகம் என்றேனே, அப்போது 'மூலையில் ஒரு சின்னப் பூவாவது இருந்தால் வடிவாயிருக்குமே' என்று உங்களுக்குப் பட்டதா இல்லையா? பட்டிருந்தால் சனிக்கிழமைகளில் உடப்புப் பக்கம் வராதீர்கள். கம்பு நீளம்.