ஏர்கானுக்குப் பொட்டு வைத்த வைபவம்

பாசிர் ரிஸ் எட்டாம் மாடியில் கொலுவீற்றிருக்கும் மாப்பிள்ளை மாணிக்கம் அவர்களுக்கு, சிங்கப்பூர்த் தீவின் மறுகோடியாம் பூன் லேயிலிருந்து மைத்துனன் சொக்கலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மூட்டுவலியும் சௌக்கியம். அங்கே நீங்களும் உங்கள் கோபமும் சௌக்கியமாக இருப்பதாக என் தங்கை விசாலாட்சி சொன்னாள். வாட்ஸ்அப்பில் என்னை பிளாக் செய்துவிட்டீர்கள். தபால்காரரை உங்களால் பிளாக் செய்ய முடியாது என்பதால் இந்தக் கடிதம்.

உங்கள் மகள் ரக்ஷனா பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, அடுக்குமாடி புளோக்கின் அடித்தளத்தில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து, போலீஸ் வந்து விசாரிக்கும்வரை போனபோது, "ஒரு பரீட்சையாவது பாஸ் பண்ணிட்டு என் வாசல மிதிக்கட்டும்" என்று நீங்கள் சொன்னீர்கள். அன்றிலிருந்து அவள் என் வீட்டில். லிட்டில் இந்தியாவில் ஒரு கடைக்கு மேல்மாடியில், படிப்பை விட்ட பிள்ளைகளுக்கென்று நடத்தும் பயிற்சியில் சேர்த்துவிட்டேன். காலையில் ஏர்கான் என்கிற ஏசி மெஷினைப் பழுதுபார்க்கும் வேலை, மாலையில் விட்டுப்போன கணக்கும் இங்கிலீஷும். முதல் வாரம் அவள் கதவை அறைந்த அறையில் கடல் தாண்டி ஜோகூர் வரை நிலம் அதிர்ந்தது. பிறகு எப்போது அறைவதை நிறுத்தினாள் என்று எனக்கே தெரியவில்லை.

போன வியாழக்கிழமை இறுதித் தேர்வு. பயிற்சி ஆசிரியர் அப்துல் கஃபார் முன்னிலையில் உண்மையான வீடொன்றில் ஓர் ஏர்கானைக் கழற்றிச் சுத்தம் செய்து மாட்ட வேண்டும். யார் வீடு? நம் அரண்மனைதான். காலையிலேயே அவள் எச்சரித்தாள்: "மாமா, எக்ஸாம் முடியற வரைக்கும் நீங்க கஸ்டமர். நான் உங்கள சார்னுதான் கூப்பிடுவேன். சும்மா உக்காந்திருங்க லா, ப்ளீஸ்."

நான் சும்மா உட்காரும் பரம்பரையா, மாப்பிள்ளை? பிள்ளை முதல் முதலாகத் தொழிலில் கைவைக்கிறாள், ஆயுத பூஜைக்கு லாரிக்கே பொட்டு வைக்கிற வம்சம் நாம், ஏர்கான் என்ன பாவம் செய்தது என்று எண்ணி, முந்தின நாளே சிராங்கூன் ரோட்டிலிருந்து சாமந்தி மாலையும் சந்தனம் குங்குமமும் சாம்பிராணியும் வாங்கி ஒளித்து வைத்திருந்தேன். அவள் இயந்திரத்தைத் துடைத்து மாட்டி முடித்தாள். அவளும் கஃபாரும் ஏர்கானின் வெளிப்பெட்டியைப் பார்க்க சமையலறைப் பக்கம் போனார்கள். அந்த இடைவெளியில் நாற்காலி மேல் ஏறி, காற்று வருகிற வாயிலேயே சந்தனத்தை அப்பி, ஒரு பிடி குங்குமம் தூவி, மாலையை உள்ளே செருகி, கீழே சாம்பிராணியும் போட்டேன். புகையைப் பார்த்து எதிர்வீட்டுச் சீனப் பாட்டி தீயணைப்பு வண்டியைக் கூப்பிடப் போனதைத் தடுத்து நிறுத்தியது தனிக்கதை.

கஃபார் திரும்பி வந்தார், ரிமோட்டை அமுக்கினார். மாலையைத் தின்ற ஏர்கான் ஒரு தும்மல் தும்மியது பாருங்கள், சிங்கப்பூரில் அன்று பூமாரி பொழிந்தது. சாமந்தி இதழும் குங்குமமும் அவருடைய வெள்ளைச் சட்டையில் போய் அப்பி, மனுஷர் தீமிதித்து வந்தவர்போல நின்றார். பயத்தில் எனக்கு வாய் நீண்டுவிட்டது. "என்னம்மா வேலை பாத்திருக்க? நல்லா இருந்த மெஷின கெடுத்துட்டியே" என்று நானே கத்திவிட்டேன்.

ரக்ஷனா முகம் சிவந்தது. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரை இறுக்கினாள். பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு நிமிஷத்தில்தான் பையைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியேறினாள். போச்சு, எல்லாம் என்னால் போச்சு என்று நினைத்தேன்.

அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "பரவால்ல சார். பொட்டு வைக்கிறது தப்பில்ல. ஆனா காத்து வர்ற எடத்துல வேணாம், இதோ, இப்படி சைடுல வச்சுக்கலாம். இருங்க, நான் மறுபடியும் கிளீன் பண்ணித் தரேன்." மறுபடி கழற்றி, காற்றாடியில் சிக்கிய இதழ்களை பிரஷால் ஒவ்வொன்றாக எடுத்தாள். முடித்துவிட்டு அவளே தன் விரலால் ஓரத்தில் ஒரு சின்னப் பொட்டு வைத்தாள். காற்று ஜில்லென்று வந்தது.

கஃபார் சட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "அண்ணே, சிரமமான கஸ்டமர சமாளிக்கிறதுக்குத் தனி மார்க் இருக்கு. வழக்கமா நான்தான் அப்படி நடிப்பேன். இவ்வளவு மோசமா எனக்கு நடிக்க வராது. பாப்பா பாஸ்."

ஆகவே மாப்பிள்ளை, பரீட்சை பாஸ். ஆனால் ஓடி வருவோம் என்று கனவு காணாதீர்கள். நீங்களே நாதஸ்வரம், குதிரை சகிதம் பூன் லே வந்து அழைத்தாலன்றி இவள் பாசிர் ரிஸ் மண்ணை மிதிக்க மாட்டாள். உங்களை அவள் நினைப்பதே இல்லை. இது சொக்கலிங்கத்தின் சபதம்.

விசாலாட்சிக்கு என் ஆசி. உங்கள் ரத்தக் கொதிப்பு இறங்கவும் கோபம் அதனோடு சேர்ந்து இறங்கவும் வேண்டிக்கொள்ளும்,

மைத்துனன்
சொக்கலிங்கம்

பின்குறிப்பு: சபதத்தை அடித்துவிட்டுப் படிக்கவும். தோளுக்குப் பின்னால் நின்று ரக்ஷனா இதைப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். "மாமா, அப்பா ரூம் ஏர்கான்ல இன்னும் தண்ணி சொட்டுதா? இன்னும் வாளிதான் வச்சிருக்காரா?" என்றாள். இப்போது கூடத்தில் உட்கார்ந்து கருவிப்பையை அடுக்கிக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை காலை வருகிறோம். அங்கே என்னைவிடச் சிரமமான கஸ்டமர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை சொட்டட்டும். வேறு ஆளைக் கூப்பிட்டுவிடாதீர்கள்.