டிஸ்கஸ் மீன்களுக்கு நான் செய்த குளிர்த்தி

ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவனை நம்பி வேறெந்த உயிரையும் ஒப்படைக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். என் மகள் தர்ஷியை வளர்த்தது என் மனைவி வசந்தி. நான் பக்கத்தில் நின்று பயந்துகொண்டிருந்தேன். (காய்ச்சல் என்றால் அவள் மருந்து கொடுப்பாள், நான் வெப்பமானியைப் பார்த்து வியர்ப்பேன்.)

தர்ஷி வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை வரும் என்று எதிர்பார்த்திருந்தோம். வந்தது ஒரு பெரிய கண்ணாடித் தொட்டி. அதற்குள் டிஸ்கஸ் மீன்குஞ்சுகள். காசுபோல வட்டமாக, தட்டையாக, வெளிறிப்போய் இருந்தன. வளர்ந்தால் தேநீர்த் தட்டு அளவுக்கு வருமாம். நான் நம்பவில்லை.

அவள் அவற்றை வளர்த்த விதத்தைப் பார்த்தபிறகு நம்பினேன். தொட்டியில் மணல் போடவில்லை. அழுக்குத் தங்கக் கூடாதாம். குழாய்த் தண்ணீரை நீலப் பீப்பாவில் பிடித்து, காற்று விட்டு, மருந்து வாசம் போகவைத்து, தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்துதான் ஊற்றுவாள். வாவி இறாலை உடைத்து, பட்டாணியும் உள்ளியும் சேர்த்து அரைத்து, உறையவைத்து, துருவித் துருவிப் போடுவாள். ஒரு நாளில் பல தடவை, கொஞ்சம் கொஞ்சமாக. மெலிந்த குஞ்சு பின்னால் நின்றால், மற்றவை தின்னும்போது அதன் முன்னால் தனியாக ஒரு துளி விழும்.

“இந்த வயசில விட்டா விட்டதுதான் அப்பா. மறுகா எவ்வளவு போட்டாலும் வளராது. கண் மட்டும் பெரிசாகும், உடம்பு அப்படியே நிண்டிரும்” என்பாள்.

நான் முப்பது வருடமாக விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். ஒரு வகுப்பின் பின்வரிசையை இவ்வளவு அக்கறையாகப் பார்த்திருக்கிறேனா என்று யோசித்தேன். யோசனையை உடனே நிறுத்திக்கொண்டேன்.

வைகாசியில் அவளுக்குக் கண்டியில் ஒரு வாரப் பயிற்சி வந்தது. புறப்படும்போது பையைத் தோளில் போட்டபடி சொன்னாள்.

“நேரத்துக்கு இறால் போடுங்க. மிச்சம் கிடந்தா உடனே எடுத்திருங்க. தண்ணி பீப்பாவில இருந்து மட்டும். கிணத்துத் தண்ணி வேணாம், உப்பு. வேற ஒண்டும் செய்யாதீங்க. ஏதும் செய்யோணும் போல இருந்தா பேப்பரை எடுத்துப் படிங்க.”

சிக்கல் என்னவென்றால், அது கண்ணகி அம்மன் சடங்குக் காலம். கோயில் கதவு திறந்தால் சடங்கு முடியும்வரை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் ஏறாது. வசந்தி குளிர்சாதனப்பெட்டியைத் திறந்து இறால் பெட்டியைப் பார்த்தாள்.

“இது என்ன?”

“மீன்ட சாப்பாடு.”

“சடங்கு முடியட்டும். அதுவரைக்கும் அதுகளும் மரக்கறி திண்டா என்ன?”

மகள் சொன்னது ஒரு காதில், மனைவி சொன்னது மறு காதில். வசந்தி கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, இறாலைத் துருவிப் போட்டேன். மீன்கள் ஓடிவந்து என் விரலைக் கொத்தின. கள்ளச் சாப்பாட்டுக்குக் கூட்டாளி கிடைத்த மகிழ்ச்சி எனக்கு. வாரம் பாதி இப்படி நன்றாகத்தான் போனது.

பிறகு ஒரு காலை, தொட்டி விளக்கைப் போட்டேன். பெரிய குஞ்சின் விலாவில் சிவப்புப் பொட்டுகள். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மூக்குக் கண்ணாடியையும் துடைத்துவிட்டுப் பார்த்தேன். பக்கத்து மீனிலும் பொட்டு. அதற்கடுத்ததிலும்.

எதிர்வீட்டுப் பிள்ளைக்கு அம்மாள் வந்து, உடம்பெல்லாம் கொப்புளம் போட்டு, கேற்றில் வேப்பிலை கட்டி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

இந்த இடத்தில் என் கல்வித் தகைமையை வாசகர்கள் மறந்துவிட வேண்டுகிறேன். கொப்புளிப்பான் ஒரு வைரசால் வருவது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுபவன் நான். அந்தக் காலையில் என் மூளையில் ஓடியது ஒன்றுதான்: சடங்கு வீட்டில் இறால் அரைத்துப் போட்டாய், அம்மாள் மீனில் இறங்கிவிட்டாள்.

மகளை அழைத்திருக்கலாம். பயிற்சியில் இருக்கும் பிள்ளையை ஏன் பயப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன். (பயப்படும் பொறுப்பை வீட்டில் ஒருவரே ஏற்றால் போதும்.) முற்றத்தில் வேப்பிலைக் கொத்து ஒன்றை முறித்துத் தொட்டிக்குள் இறக்கினேன். குசினியிலிருந்து மஞ்சள்தூளை எடுத்து, ஒரு செம்பு தண்ணீரில் கரைத்து, அம்மாளே என்று சொல்லி ஊற்றினேன். அம்மாள் கண்டவருக்குக் குளிர்ச்சி வேண்டுமே என்று தண்ணீர் சூடாக்கியையும் நிறுத்தினேன். கோயிலில் கடைசி நாள்தான் அம்மனைக் குளிரவைக்கும் குளிர்த்திச் சடங்கு. இங்கே மீனுக்கு முன்கூட்டியே நடந்துவிட்டது. இளநீர் ஊற்றும் யோசனையும் இருந்தது. நல்லவேளை, மரம் ஏற ஆள் இல்லை.

கொஞ்ச நேரத்தில் தொட்டி பருப்புக்கறியாகிவிட்டது. உற்றுப் பார்த்தால், மீன்கள் ஒரு மூலையில் கறுத்துப்போய் ஒட்டிக்கிடந்தன. சில மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மெலிந்த குஞ்சு, தர்ஷி தனியாக ஊட்டி வளர்த்தது, பக்கவாட்டில் சாய்ந்திருந்தது.

கோயிலிலிருந்து வந்த வசந்தி தொட்டியையும் என்னையும் பார்த்தாள். தர்ஷியை வீடியோவில் அழைத்து, தொலைபேசியைத் தொட்டிக்கு நேரே பிடித்தாள்.

திரையில் என் மகளின் முகம். என்னை ஏசுவாள், அழுவாள் என்று காத்திருந்தேன்.

“அப்பா, என்ன போட்டீங்க?”

“மஞ்சள்... கொஞ்சம் வேப்பிலையும்.”

“சரி. முதல்ல இலைய எடுங்க. சூடாக்கிய ஓஃப் பண்ணினீங்களா?”

“ஓம்.”

“போடுங்க. காத்துக் குழாய் ரெண்டையும் விடுங்க. அம்மா, பீப்பாத் தண்ணிய வாளியில கொண்டு வாங்க. ஒரே அடியா ஊத்த வேணாம். பழசக் குழாயால வெளிய எடுத்து, புதுச மெல்ல விடோணும். அப்பா, நீங்க வாளி தூக்குங்க. குழாய அம்மாட்டக் குடுங்க.”

நான் வாளி சுமந்தேன். வசந்தி குழாய் பிடித்தாள். அவ்வளவு தூரத்தில், ஏதோ மண்டபத்தின் வராந்தாவில் நின்று, குரலைக்கூட உயர்த்தாமல் அவள் எங்கள் இருவரையும் நடத்தினாள். மஞ்சள் தண்ணீர் வெளியே போக, தெளிந்த தண்ணீர் உள்ளே வர, மீன்கள் ஒவ்வொன்றாக மூலையை விட்டுப் பிரிந்தன. மெலிந்தது மட்டும் சாய்ந்தே கிடந்தது.

“அது போயிட்டுதா மகள்?” என்றேன்.

“செவுள் ஆடுதா?”

“ஆடுது.”

“அப்ப தொடாதீங்க. பாத்திட்டு இருங்க. அவ்வளவுதான் செய்யேலும்.”

பார்த்துக்கொண்டிருந்தேன். தர்ஷிக்குச் சின்ன வயதில் வயிற்றோட்டம் வந்து ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்த நாளுக்குப் பிறகு அப்படி ஒரு பார்வை நான் பார்த்ததில்லை. மூன்றாவது வாளி முடிய அது ஒரு துடிப்புத் துடித்து நிமிர்ந்தது. தள்ளாடித் தள்ளாடிக் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வசந்தி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். என் முகத்தைத் துடைக்க எதுவும் போதவில்லை.

அதன்பிறகுதான் தர்ஷி கேட்டாள். “ஏன் மஞ்சள் போட்டீங்க?”

பொட்டுகளைச் சொன்னேன். தொலைபேசியைக் கிட்டக் கொண்டுபோய்க் காட்டினேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. அழுகையும் அதற்குள் இருந்ததுபோலிருந்தது.

“அப்பா, இது சிறுத்தைப் பொட்டு மீன். குஞ்சில பொட்டு இருக்காது. நல்லா வளந்தாத்தான் வரும். இத்தன மாசமா நான் ஒவ்வொரு நாளும் டோர்ச் அடிச்சுப் பாத்தது இதுக்குத்தான். வருத்தம், நோய் ஒண்டும் இல்லப்பா. அதுகள் பெரிசாகிற்றுகள்.”

வசந்திக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

“அப்ப பெரிசான குமருகளுக்கு மஞ்சத் தண்ணி வாத்திருக்கிறார் மனிசன். சாமத்தியச் சடங்கு செய்திருக்கிறார்.”

தலை நிமிரமுடியாமல் நின்ற என்னைப் பார்த்து, “இறால் போட்டதும் எனக்குத் தெரியும். திரைச்சீலைக்கு மணம் தெரியாதா?” என்றும் சொல்லிவைத்தாள்.

செய்தி அன்று மாலையே வசந்தியின் அண்ணன் வீடுவரை போய்விட்டது. அண்ணன் மனைவி, தர்ஷியின் மாமி, நேரே வந்து தொட்டிக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றாள். “என்ன அண்ணன், சாமத்தியத்துக்குத் தண்ணி வாக்கிறது மாமிட உரிமை. ஒரு சொல்லுச் சொல்லல்லையே” என்று என்னிடம் நியாயம் கேட்டாள்.

தர்ஷி வந்து இறங்கியதும் பையைக்கூட வைக்காமல் தொட்டியின் முன்னால் குந்தினாள். மெலிந்தது முன்னால் வந்து அவள் விரல் நேரே நின்றது. அதன் விலாவிலும் ஒரு பொட்டு வந்திருந்தது.

இப்போது அவை உண்மையாகவே தேநீர்த் தட்டு அளவு. சிவப்புப் பொட்டுகளோடு திரும்பும்போது விளக்கு வெளிச்சம் வழுக்கி விழுகிறது. வருகிறவர்கள் வாய் திறந்து பார்க்கிறார்கள். தொட்டி மூலைகளில் கண்ணாடியை ஒட்டிய பசை மட்டும் மஞ்சளாகவே நிற்கிறது. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

தர்ஷிக்கு அடுத்த பயணம் வந்தபோது மீன்களை மாமி வீட்டுக்குக் கொண்டுபோவாள் என்றுதான் நினைத்தேன். கொண்டுபோகவில்லை. “அப்பா பாப்பார்” என்றாள். என்னிடமே விட்டாள். குசினிக்குப் போய் மஞ்சள்தூள் போத்தலைத் தன் பையில் வைத்து எடுத்துக்கொண்டு பேருந்து ஏறினாள். இன்றுவரை அதுதான் வழக்கம். எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து, தேங்காய்ப்பால் சொதி மஞ்சளில்லாமல் வெள்ளையாக இருப்பதைக் கண்டால் மாமி கேட்பாள்:

“என்ன, தர்ஷி ஊரில இல்லையா?”