ஆய்வாளர் நேரில் வருகிறார்

மாடிப்படியில் ஒரு செருப்புகூட இல்லை.

படிக்கட்டு சார் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். முதல் மாடித் திருப்பத்தில் டெய்லரின் தையல் மெஷின் இல்லை. அதற்கு மேல் திருப்பத்தில், முழங்கால் வலிக்கார வாத்தியார் ஏறும்போதும் இறங்கும்போதும் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற பிரம்பு நாற்காலி இல்லை. சைக்கிள், பூந்தொட்டி, பழைய பேப்பர்க் கட்டு, கைப்பிடியில் காய்கிற துண்டு, எதையும் காணோம். கழுவித் துடைத்த படிகள் மட்டும் மொட்டைத் தலை மாதிரி பளபளவென்று மேலே போய்க்கொண்டிருந்தன.

இன்னும் ஒரு மணி நேரத்தில் இந்தப் படிகளைப் பார்க்கத்தான் ஒரு கூட்டமே வரப்போகிறது.

அவர் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் ஆய்வாளர். பல வருடங்களாக அடுக்குமாடி வீடுகளின் படிக்கட்டுகளைப் பற்றித்தான் ஆய்வு. அதனால்தான் அந்தப் பெயர். 'வாழ்க்கையில ஒரு படி ஏறாத மனுஷன், படியைப் பத்திப் படிக்கிறார்' என்பது அவர் மனைவியின் மதிப்புரை.

அவர் கண்டுபிடித்தது இதுதான்: படியில் சாமான் கிடக்கிற கட்டடத்தில்தான் மனிதர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். தடுக்கி விழுகிறவன் இரண்டு வார்த்தை திட்டுவான். சாமான்காரன் வெளியே வந்து இரண்டு வார்த்தை திட்டுவான். நாலு வார்த்தை ஆகிவிட்டால் அதற்குப் பெயர் பழக்கம். ஆகவே இனி அரசு கட்டுகிற வீடுகளில் படித் திருப்பங்களை அகலமாக வைக்கவேண்டும்.

"இதை எத்தனை நாளைக்கு எங்ககிட்டயே சொல்லிட்டிருப்பீங்க?" என்று துறைத்தலைவி போன மாதம் கேட்டார். "சமூக அறிவியல் வாரம் வருது. எல்லாத் துறையும் ஜனங்க முன்னாடி போய் நிக்கணும். நீங்க அந்தப் படியிலேயே நின்னு பேசுங்க. எடுபட்டா ஆய்வு தொடரட்டும். இல்லேன்னா உங்க ரூம்ல ஜெராக்ஸ் மெஷினை வெச்சுக்கறோம். அதுக்கும் பாவம் இடம் இல்ல."

வாசல் வரை போனவரைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். "எதிர்க்கருத்துக்கு ஒருத்தரை வரச் சொல்லுங்க. நாமளே பேசி நாமளே கைதட்டினா அது விவாதம் இல்ல, குடும்ப போட்டோ."

எதிர்க்கருத்தும் சுலபமாகக் கிடைத்தது. படிக்கட்டு சார் அரசு அலுவலகத்துக்குப் போன் போட்டு, "மாடிப்படி விஷயம் தெரிஞ்ச மூத்த ஆய்வாளர் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். அங்கே சுற்றி இங்கே சுற்றி, ஒரு கனத்த குரலில் போய் நின்றது.

"மாடிப்படியா? என் காலமே மாடிப்படியிலதான் சார் போச்சு," என்றது குரல். "யார் மதிக்கிறா?"

தன்னைப் போலவே இன்னொரு ஜீவன். அந்த நிமிஷமே ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டார்.

இப்போது விருந்தாளி உண்டு, கூட்டம் உண்டு, காட்டுவதற்குத்தான் ஒன்றும் இல்லை.

மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறி அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். கதவு பாதி திறந்து எதிலோ இடித்து நின்றது.

"உள்ள வராதே. நிக்க இடமில்ல," என்றாள் அக்கா. அவளுக்குப் பின்னால் படித் திருப்பத்து இரும்புக் கட்டில் நெட்டுக்குத்தலாக நின்றிருந்தது.

"என்னக்கா இது? படியில ஒண்ணையும் காணோம்?"

"நீதானேடா நோட்டீஸ் ஒட்டுனே. 'ஞாயிறு காலை இம்மாடிப்படிகளில் ஆய்வு. ஆய்வாளர் நேரில் வருகிறார். அனைவரும் ஒத்துழைக்கவும்.' இதைப் படிச்சிட்டு எவன் சாமானை வெளிய வெப்பான்? நேத்து பூரா கட்டடமே குனிஞ்சு கழுவுச்சு. உன் மாமா இடுப்பு பிடிச்சுப் படுத்திருக்கார். கட்டில் நிக்குது, அவர் தரையில கிடக்கார்."

"ஐயோ அக்கா, அந்த ஆய்வு இல்ல. இது ஆராய்ச்சி."

"அப்ப ஆராய்ச்சின்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதானே?"

"ஆய்வுன்னா கொஞ்சம் கௌரவமா இருக்கும்னு…"

"நல்ல கௌரவம். பிடிச்சு அபராதம் போட வர்றவனும் ஆய்வாளர், சும்மா எட்டிப் பாக்க வர்றவனும் ஆய்வாளர். மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்கு?"

அவர் கீழே ஓடினார். டெய்லர் கதவைச் சங்கிலி போட்டுத்தான் திறந்தார்.

"அண்ணே, உங்க மெஷினைக் கொஞ்சம் பழைய இடத்துல வைங்களேன்."

"மெஷினா? எந்த மெஷின் சார்? நான் தைக்கிறதே இல்லையே."

"கழுத்துல டேப் தொங்குது."

டெய்லர் குனிந்து பார்த்துக்கொண்டார். "இது சும்மா, குளிருக்கு."

படிக்கட்டு சார் படியின் நடுவில் நின்று பொதுவாக ஒரு குரல் கொடுத்தார். "யாரும் பயப்படாதீங்க. எப்பவும் போல இருங்க." அதுவரை பயப்படாமல் இருந்த இரண்டு வீடுகளிலும் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

கடைசியில் அக்காதான் இறங்கி வந்தாள். தம்பியின் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, ஒவ்வொரு கதவுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "ஆய்வாளர்னு போட்டிருந்தது இவனைத்தான். என் கூடப் பிறந்தவன். நல்லா பாத்துக்கங்க. இவனைப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?"

கதவுகள் திறந்தன. பார்த்தார்கள். உடனே நம்பிவிட்டார்கள். அவ்வளவு சீக்கிரம் நம்பியதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அதன் பிறகு சாமான்கள் வரத் தொடங்கின. ஆனால் பெரிய படிப்புப் படித்தவர்கள் பார்க்கப் போகிறார்கள் அல்லவா? டெய்லர் மெஷினுக்குப் புது உறை போட்டுக் கொண்டுவந்தார். வாத்தியார் நாற்காலிக்குப் பதிலாகக் கண்ணாடிச் சட்டத்தில் தன் நல்லாசிரியர் சான்றிதழை அனுப்பினார். இரண்டாவது மாடிக்காரர் சோபாவையே இறக்கினார். அது திருப்பத்தில் மாட்டிக்கொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

"இதெல்லாம் வேண்டாங்க," என்று கெஞ்சினார் படிக்கட்டு சார். "எனக்குப் பழசா வேணும். உடைஞ்சது, ஓட்டையானது, வழியில இடிக்கிறது."

"அப்படிச் சொல்லுங்க," என்றார் டெய்லர். "அது எங்ககிட்ட எக்கச்சக்கமா இருக்கே."

அவ்வளவுதான், போட்டி வந்துவிட்டது. வாத்தியாரின் பிரம்பு நாற்காலி, சைக்கிள், பரணிலிருந்து கால் போன ஸ்டூல், ஓடாத மிக்சி, பேரன் காலேஜுக்கே போய்விட்ட தொட்டில், காலி சிலிண்டர், யாரும் உரிமை கொண்டாடாத ஒரு கதவு எல்லாம் வந்து சேர்ந்தன. ஐந்து வருடத்தில் சேராத சாமான் அரை மணியில் சேர்ந்தது. சோபா இருந்த இடத்திலேயே இருந்தது.

கூட்டம் வந்தது. துறைத்தலைவி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு சோபா மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். எல்லோரும் படிக்கு ஒருவராக உட்கார்ந்தார்கள். விருந்தாளி கடைசியாக வந்தார். கட்டையான உருவம், சாதாரணச் சட்டை, சாதுவான முகம். நிற்க இடமில்லாமல் தவித்தவருக்கு வாத்தியார் தன் பிரம்பு நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

படிக்கட்டு சார் தன் ஆய்வை விளக்கினார். பிறகு விருந்தாளியிடம் திரும்பி, "உங்க எதிர்க்கருத்தைச் சொல்லணும்," என்றார்.

"நான் பேச வரல சார். பாத்துட்டு, நாலு கேள்வி கேக்கத்தான் வந்தேன்."

அந்த அடக்கத்துக்கே ஒரு கைதட்டல் விழுந்தது.

"இந்த மெஷின் எவ்ளோ நாளா இங்க இருக்கு?"

"பன்னண்டு வருஷம் சார்," என்றார் டெய்லர் நெஞ்சை நிமிர்த்தி. "மழை நாள்லகூட உள்ள எடுத்ததில்ல."

"நீங்க உக்காந்திருக்கிறது அதுக்கும் மூத்தது," என்றார் வாத்தியார் விட்டுக்கொடுக்காமல்.

"சைக்கிள் எப்பவும் இப்படிக் குறுக்கதான் நிக்குமா?"

"எப்பவுமே," என்று நாலைந்து பேர் சேர்ந்து சொன்னார்கள்.

"சரி. திடீர்னு எல்லாரும் ஒரே நேரத்துல கீழ இறங்கணும்னா என்ன பண்ணுவீங்க?"

"எதுக்குங்க இறங்கணும்?" என்றாள் அக்கா, டீ டம்ளரை அவர் கையில் கொடுத்தபடி. "இங்கயே உக்காந்து பேசிட்டிருக்க வேண்டியதுதான்."

படி அதிர்ந்தது. மேல்மாடியில் படுத்திருந்த மாமாகூடத் தரையைத் தட்டினார். டெய்லரும் வாத்தியாரும் தோளில் கை போட்டுக்கொண்டு சிரித்தார்கள். தான் எழுதிய நானூறு பக்கமும் கண் முன்னால் டீ குடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து படிக்கட்டு சாருக்குக் கண் கலங்கியது.

துறைத்தலைவி அவர் காதருகே வந்தார். "ஜெராக்ஸ் மெஷினை மாடிப்படிக்கு அடியில வெச்சுக்கறோம். நீங்க உங்க ரூம்லயே இருங்க."

இந்த வெற்றிக்குக் காரணமானவரைப் படிக்கட்டு சார் மறக்கவில்லை. ஓடிப்போய் விருந்தாளியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "நீங்க வந்தது பெரிய உபகாரம் சார்," என்றார்.

"நான்தான் சார் நன்றி சொல்லணும்," என்றார் அவர், டம்ளரை ஜாக்கிரதையாகக் காலி சிலிண்டர் மேல் வைத்துவிட்டு. "நான் ஆய்வுக்கு வர்றேன்னாலே எல்லாரும் சாமானை ஒளிச்சு வெச்சுடுவாங்க; ஜனங்களே வெளிய எடுத்துப் போட்டு, வருஷக் கணக்கையும் சொல்லி, டீயும் குடுத்தாங்கன்னா எங்க தீயணைப்பு ஆபீஸ்ல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."