திமிங்கிலத்தின் வால் குறித்து மாமாவுக்கு

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

அக்கா மகளின் வணக்கம். நான் உடம்பளவில் நலம். உங்கள் சர்க்கரையும் மாமியின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன என்று நம்புகிறேன். எங்கள் இயக்குநர், அதாவது உங்கள் கல்லூரித் தோழர், இதற்குள் உங்களை அழைத்து, ‘உன் அக்கா மகள் திமிங்கிலத்தை உடைத்துவிட்டாள்’ என்று புலம்பியிருப்பார். நான் உடைக்கவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அம்மாவிடம் பதமாக எடுத்துச் சொல்வது உங்கள் பொறுப்பு.

அருங்காட்சியகத்திலேயே தங்கி முதுகலை விலங்கியலும் ஆசிரியர் பயிற்சியும் சேர்த்துப் படிக்கும் படிப்பு என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையடித்தீர்களே, அதன் விதி உங்களுக்குத் தெரியாது. இங்கே ஆசிரியர் எதையும் சொல்லக் கூடாது. கேள்வி மட்டுமே கேட்க வேண்டும். குழந்தை ‘இது என்ன?’ என்றால், ‘உனக்கு என்னவாகத் தெரிகிறது?’ என்று திருப்பிக் கேட்க வேண்டும். இறுதித் தேர்வுப் பாடத்தில் வாய் தவறி ஒரு பதிலைச் சொல்லிவிட்டாலும் தோல்விதான். சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாவிட்டால் எந்தப் பள்ளியிலும் வேலை இல்லை. இந்தப் பழக்கம் எங்களுக்கு வியாதியாகவே ஆகிவிட்டது. விடுதிச் சமையல்காரர் “சாப்பாடு போதுமா?” என்றால், “போதும்னு எதை வச்சு முடிவு பண்றது?” என்கிறோம். அவர் கரண்டியோடு அடுத்த மேசைக்குப் போய்விடுகிறார்.

திமிங்கிலக் கூடத்தில் எலும்புக்கூட்டைச் சுற்றி ஒரு கயிறு உண்டு. கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் பெரிய பள்ளிப் பிள்ளைகள் வந்தால் அவிழ்த்து உள்ளே விடுவார்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் வந்தால் கட்டிவிடுவார்கள். இயக்குநரின் வாய்மொழி உத்தரவு. ஏன் என்றால், “அவங்க கை சும்மா இருக்காதும்மா” என்பார். பெரிய பள்ளிப் பிள்ளைகளின் கை சும்மா இருக்கக் காரணம், அதில் செல்போன் இருப்பதுதான்.

என் தேர்வுக்கு வந்தது அரசுப் பள்ளி. கயிறு கட்டியாயிற்று. மூலையில் மடக்கு நாற்காலியில் தேர்வாளர் அம்மா, பக்கத்தில் இயக்குநர். முன்வரிசையில் ஒரு சிறுமி. வகுப்பே அவளை வாயாடி என்றுதான் கூப்பிட்டது. அத்தனை பெரிய திமிங்கிலத்தை விட்டுவிட்டு அவள் கயிற்றைப் பார்த்தாள்.

“டீச்சர், இது எதுக்குக் கட்டியிருக்கு?”

“எதுக்குன்னு நீ நினைக்கிற?”

“எங்களை உள்ள விடாம இருக்க.”

இயக்குநர் இருமினார். நான் அடுத்த கேள்விக்குத் தாவினேன். “அது சரியான்னு எப்படிச் சோதிச்சுப் பார்க்கலாம்?” சத்தியமாக மாமா, அது பாடத்திட்டத்தில் உள்ள கேள்வி. மனப்பாடம் செய்திருந்தேன், வந்துவிட்டது.

“உள்ள போய்ப் பார்க்கலாம்!”

வகுப்பு முழுக்கக் குனிந்து கயிற்றுக்கு அடியில் போய்விட்டது. காவலர் அண்ணன் ஓடி வந்தார். “டீச்சரம்மா, வெளிய வரச் சொல்லுங்க!” சொல்லு என்கிறார், சொன்னால் நான் தேர்வில் காலி. “காவலர் ஏன் இப்படிப் பதறுறாரு?” என்று பிள்ளைகளைக் கேட்டேன்.

“அவருக்கு வேலை போயிரும் டீச்சர். எங்கப்பாவும் வாட்ச்மேன்தான்,” என்றது ஒரு குரல்.

 அண்ணன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, “சரி, பார்த்துத் தொடுங்க கண்ணுங்களா,” என்றார்.

பார்த்துத்தான் தொட்டார்கள். வாலின் கடைசி எலும்பு வாயாடியின் கையோடு வந்துவிட்டது. மற்றவர்கள் அலறினார்கள். அவள் அதை மோந்து பார்த்து, நகத்தால் சுரண்டினாள்.

“டீச்சர், இது எலும்பு இல்ல. மரக்கட்டை. பெயிண்ட் அடிச்சு வச்சிருக்காங்க.”

அடுத்த எலும்பும் கட்டை. அதற்கடுத்ததும் கட்டை. வாசலில் ‘முழுமையான அசல் எலும்புக்கூடு’ என்று ஆளுயரப் பலகை நிற்கிறது.

“அப்போ கயிறு நமக்காக இல்லடி, வாலுக்காக,” என்றாள் இன்னொருத்தி. ஆதாரம் மாறினால் முடிவையும் மாற்று என்று எங்களுக்கு இரண்டு வருடமாகப் போதித்ததை அவள் இரண்டு நொடியில் செய்துவிட்டாள். வாயாடி நேராக இயக்குநரிடம் போனாள்.

“சார், பெரிய ஸ்கூல் பசங்களை மட்டும் உள்ள விடுவீங்களாமே, அவங்கள்ல ஒருத்தர்கூடவா பார்க்கல?”

அவர் என் பக்கம் திரும்பி, “நீயாவது ஏதாவது சொல்லும்மா!” என்று கத்தினார்.

“என்ன சொல்லணும்னு நினைக்கிறீங்க சார்?” என்றேன். வேறு வழி இல்லை மாமா, பாடம் இன்னும் முடியவில்லை. தேர்வாளர் அம்மா குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

மாலையில் இயக்குநர் அறைக்கு அழைத்தார். அசல் எலும்பை அரசுப் பள்ளிப் பிள்ளைகள் உடைத்துவிட்டார்கள் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தால் சான்றிதழ், கொடுக்காவிட்டால் கிடையாது. “அந்தப் பிள்ளைங்களுக்கு இதால என்னம்மா ஆகிடப் போகுது?” என்று வேறு கேட்டார். ஒன்றும் ஆகாதுதான். ஏற்கெனவே கயிற்றுக்கு வெளியே நிற்பவர்களுக்கு இன்னொரு கயிறு, அவ்வளவுதானே. முடியாது என்று சொல்லிவிட்டேன். சொன்னேன் மாமா, திருப்பிக் கேள்வி கேட்கவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வாருங்கள். புத்தகப் பெட்டி கனம். டியூஷன் எடுத்தாவது பிழைத்துக்கொள்வேன், இந்தக் கட்டடத்தில் இனி ஒரு நாளும் இருக்க மாட்டேன். இதுவே என் முடிவு.

மாமிக்கு வணக்கம், சின்னவளுக்கு முத்தம். பெரியவர்கள் எல்லாருடைய ஆசியும் வேண்டும். அதைவிட அவசரமாக வண்டி வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து கடிதம் இத்தனை நாள் மேசையிலேயே கிடந்ததும் நல்லதாகப் போயிற்று. தேர்வாளர் அம்மா எனக்கு முழு மதிப்பெண் போட்டு, அறிக்கையை மேலிடத்துக்கே அனுப்பிவிட்டார். அங்கிருந்து பாராட்டு வந்ததும் இயக்குநர், பிள்ளைகளின் கூர்மையைச் சோதிக்க மரவாலைத் தாமே வைத்ததாகப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்த ஆண்டு பயிற்சிக்கு வருபவர்களுக்குப் பாடம் எடுக்க என்னை இங்கேயே இருக்கச் சொல்கிறார்கள். எல்லாப் பிள்ளைகளும் தொட்டுப் பார்க்கலாம் என்றால் இருக்கிறேன் என்றேன், ஒப்புக்கொண்டார்கள். வண்டி வேண்டாம். அம்மாவிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். உங்கள் தோழருக்கு மட்டும் போன் செய்து ஆறுதல் சொல்லுங்கள், மனிதர் சாப்பிடுவதே இல்லை. காரணம், வாயாடிக்கு இப்போது திமிங்கிலத்தின் தலைமீதும் சந்தேகம் வந்திருக்கிறதாம். வியாழக்கிழமை வகுப்போடு வருகிறாள்.