சாம்பல் வட்டங்களும் சனிக்கிழமை ஆறு மணியும்

தம்பெரே,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள தங்கை ஹில்க்காவுக்கு, அண்ணன் தௌனோ எழுதிக்கொள்வது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். அங்கே ஓவ்லுவில் நீயும் மாப்பிள்ளையும் முழங்கால் உட்பட சௌக்கியம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்த வார வியாழக்கிழமை நம் கட்டடத்துக் கூட்டம். கீழ்த்தளத்துக் கம்ப்யூட்டரை, அதாவது நம் பொது நீராவிக் குளியலறையான சவுனாவில் யார் எப்போது குளிப்பது என்று எல்லாரும் முறை பதிகிற, பதினோரு வருஷமாக நான் பார்த்துக்கொள்கிற கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டு, ஒரு நோட்டும் பென்சிலும் வைக்கவேண்டும் என்று மூன்றாம் மாடி தெல்லெர்வோ தீர்மானம் கொண்டுவருகிறாள். எண்ணிப் பார்த்தேன், எனக்கு ஒரு ஓட்டு குறைகிறது. இரண்டாம் மாடி வீடு உன் பேரில் இருப்பதால் உனக்கும் ஓட்டு உண்டு. அதை எனக்கு எழுதிக் கொடுத்து உடனே தபாலில் அனுப்பு.

நான் செய்த குற்றம், திரையை அழகுபடுத்தினேன். முதலில் பின்னணியில் பனிமூட்டத்தோடு ஒரு ஏரிப் படம் வைத்தேன், அவ்வளவுதான்; ஆனால் திரையின் கீழே இருந்த பட்டை படகுத்துறையை மறைத்தது, பட்டையை ஒளித்துவைத்தேன், பட்டை போனதும் வீட்டுக்கு ஒன்றாக இருந்த ஐகான்களின் அடியில் பேர்கள் கண்ணை உறுத்தின, பேர்களை எடுத்தேன், அப்புறம் பார்த்தா ஐகான் ஒவ்வொண்ணும் ஒரு கலர்ல திருவிழாக் கடை மாதிரி இருக்கு, எல்லாத்தையும் சாம்பல் வட்டமாக்கினேன், திரையில திறக்கிற ஜன்னலுக்கு ஓரம் எதுக்குன்னு அதையும் எடுத்தேன், மூடுற பெருக்கல் குறியும் கூடவே போச்சு. ஒண்ணுமே இல்லாம, பாக்கப் பாக்க அவ்ளோ அழகு. இதுக்குன்னே இணையத்துல இருக்கிற குழுவுல படம் போட்டேன், நாப்பது பேர் மெச்சினாங்க.

கட்டடத்தில் ஒருத்தரும் வந்து என்னிடம் கேட்கவில்லை. நம்ம ஜனம் கேட்குமா? லிஃப்டில் பேரில்லாமல் சீட்டு ஒட்டினார்கள், திரை கெட்டுவிட்டது என்று. கெடவில்லை, அது மூடுபனி என்று பக்கத்தில் நானும் ஒட்டினேன், பேரில்லாமல்தான்.

போன சனிக்கிழமை ஆறு மணிக்கு என் முறைன்னு துண்டோட உள்ளே போறேன், மேல்படியில பக்கத்து வீட்டு வைனிக்காவும் அவர் சம்சாரமும் உக்காந்திருக்காங்க, உடம்புல பொட்டுத் துணியில்ல. திரும்பிப் போனா மரியாதையா இருக்காதுன்னு நானும் ஓரமா உக்காந்தேன். வைனிக்கா சூடான கல்லுல ரெண்டு தடவை தண்ணி ஊத்தி ஆவி கிளப்பினார்.

"ஏங்க, அதுல எங்க வட்டம் எதுங்க?" என்றார் வைனிக்கா.

"இடப்பக்கத்துலேர்ந்து நாலாவது."

"எல்லாமே சாம்பலாத்தானே இருக்கு?"

"வேற வேற சாம்பல்" என்றேன்.

அவர் சம்சாரம் இன்னொரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். அந்த இரண்டு பேர் ஓட்டும் போயிற்று.

எனக்கு வருத்தம்தான், ஹில்க்கா. நான் வேலை பார்த்த ஆலை மூடினதிலிருந்து என்னை நம்பி யாராவது ஒப்படைத்த பொருள் அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் காலையில் எழுந்து நான் எதைப் பார்க்கப் போவேன்?

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். பனி உருகும் முன் உன் முதுகுவலி தீரட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் தௌனோ

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடப் போகிற வழியில், இந்த வாரத்து முறையைப் பதியலாமென்று கீழே இறங்கினேன். இருபது நிமிஷம் நின்றேன். என் வட்டம் எதுவென்று எனக்கே தெரியவில்லை. குத்துமதிப்பாக ஒன்றை அழுத்தினேன், அது அழிக்கிற வட்டமாம், கட்டடம் முழுக்க எல்லார் முறையும் அழிந்துபோயிற்று. திரும்பினால் பின்னால் தெல்லெர்வோ. அவள் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டினாள். ஓட்டை அவளுக்கே எழுதி அனுப்பு. நோட்டின் முதல் பக்கத்தில் முதல் பேர் என்னுடையதுதான், சனிக்கிழமை, ஆறு மணி.