மேனேஜரின் தொட்டியில் சிவப்புச் செடி

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். நீயும் மாமாவும் பாப்பாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மேனேஜரும் நலம். தேவைக்கு மேல் நலம். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று மாமா கேட்பார். போனில் பேசினால் பாப்பா பிடுங்கிக்கொள்கிறாள். பிடுங்கியதும் கேமராவைப் போடச் சொல்கிறாள். கேமரா பழுது என்று சொல்லிவைத்தேன். "அப்ப மேனேஜரை வரைஞ்சு அனுப்பு மாமா" என்றாள். வரைந்தேன். தண்ணீருக்கு வண்ணம் பூசும் இடத்தில் கை நின்றுவிட்டது. உண்மையாகப் பூசினால் பச்சை பூச வேண்டும்.

உன் நிபந்தனையை நான் மறக்கவில்லை. வீடு மாறிப் போகும்போது பாப்பாவுடைய தங்கமீனை என் மேஜைமேல் வைத்துவிட்டு, "இந்த ஒரு மீனை ஒழுங்காப் பாத்துக்க. பாத்துக்கிட்டா லீவுக்குப் பாப்பாவை அனுப்பறேன். இல்லைன்னா இல்லை" என்றாய். மாமா சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அவளுக்காகச் சின்ன அறையை ஒழித்து வைத்திருக்கிறேன். அச்சகத்திலிருந்து பிழைதிருத்த வந்த தாள்கள் எல்லாம் இப்போது என் கட்டிலுக்கு அடியில். அவள் வராவிட்டால் அந்த அறையின் கதவைச் சாத்தியே வைக்க வேண்டியிருக்கும். திறந்து பார்க்கத் தைரியம் வராது.

அந்த மீனுக்கு மேனேஜர் என்று அவள் ஏன் பேர் வைத்தாள் என்பது பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தால்தான் விளங்குகிறது. நாள் முழுக்க வாயைத் திறந்து மூடுகிறார். ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் நமக்கு ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி இருக்கிறது.

தொட்டியில் நீ நட்டுவைத்த பிளாஸ்டிக் செடி. அவர் அதன் அருகே போவார். உதட்டால் தொடுவார். விலகுவார். அசையாமல் நிற்பார். மறுபடி தொடுவார். பொய்யான ஓர் உலகத்தில் வாழ நேர்ந்த ஒருவரின் துக்கம் என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். எனக்கும் அப்போது அதே மாதிரி இருந்தது. அந்த வாரம் ஒரு காப்பீட்டு விளம்பரக் கையேட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அதனால் வண்ணமீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு சிவப்புச் செடியைக் காட்டினார். தண்ணீருக்குள் அப்படி ஒரு சிவப்பு இருக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

"இது லேசுல வராது தம்பி. நல்ல வெளிச்சம் வேணும், கேஸ் வேணும், உரம் வேணும்."

"லேசா வர்றது எதுவும் இல்லையா?"

"இருக்கு. பச்சையா இருக்கும்."

சிவப்பையே வாங்கினேன். பிளாஸ்டிக்கைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் நட்டேன்.

இங்கிருந்து நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லிவிடுகிறேன். நட்ட மறுநாளே இலைகள் குறைந்தன, கடைக்காரருக்குப் போன் செய்தேன், புது இடத்துக்கு வந்த செடி முதலில் உருகும் என்றார், மனிதர்களும் அப்படித்தானே என்று ஏற்றுக்கொண்டு பெரிய விளக்கு வாங்கி மாட்டினேன், அது ஊதாவும் இளஞ்சிவப்புமாக எரிந்ததில் எதிர்வீட்டு டீச்சர் என்னிடம் கொஞ்ச நாள் பேசவில்லை, இலை மேலும் குறைந்தது, வெளிச்சத்துக்கு ஏற்ற கேஸ், அதாவது கரியமில வாயு, தண்ணீரில் இல்லை என்றார் கடைக்காரர், சிலிண்டர் விலையைக் கேட்டு வெளியே வந்து காலி பாட்டிலில் சர்க்கரைத் தண்ணீரும் ஈஸ்டும் ஊற்றி மூடியில் ஓட்டை போட்டுக் குழாயைச் செருகினேன், அது நன்றாகவே நுரைத்தது, மிகவும் நன்றாக, பாதி நுரை தொட்டிக்குள் போனது, மேனேஜர் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினார், இரை கேட்கிறார் என்று நினைத்துப் போட்டேன், இன்னும் திறந்தார், இன்னும் போட்டேன், மூச்சுக்குத்தான் திறக்கிறார் என்பது உறைத்ததும் பாட்டிலைப் பிடுங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் வைத்தேன், அவர் தேறிவிட்டார், ஆனால் மிஞ்சிய இரையும் உரமும் புது விளக்கும் சேர்ந்து தண்ணீரைப் பச்சையாக்கிவிட்டன. சிவப்புக்காகப் பட்ட பாடு. கிடைத்தது பச்சை.

ஈஸ்ட் வாசனை மாடிப்படி வழியாக இறங்கியிருக்கிறது. வீட்டுக்காரர் ஏறி வந்தார். வாசலிலேயே நின்று மூக்கால் இழுத்தார்.

"படிச்ச பிள்ளைன்னுதான் வீடு கொடுத்தேன் தம்பி. இப்படிக் காய்ச்சுவீங்கன்னு நினைக்கலை."

"கரியமில வாயு சார். செடிக்கு."

"எந்தச் செடிக்கு?"

இருவரும் தொட்டியைப் பார்த்தோம். கூழாங்கல்லில் ஒரு குச்சி நின்றது. மேனேஜர் எங்களைப் பார்த்தார். வீட்டுக்காரர் இன்னொரு முறை வாசனை பிடித்துவிட்டு, கொஞ்சம் இருந்தால் கீழே அனுப்பும்படி தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு இறங்கினார்.

பிறகு தண்ணீரை மாற்றினேன். இன்னொரு சிவப்புச் செடி நட்டேன். அன்று மதியம் சாப்பிட்டுக்கொண்டே தொட்டியைப் பார்த்தேன். மேனேஜரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயோரத்தில் ஒரு சிவப்பு இலை பாதி தொங்கியது. என்னைப் பார்த்ததும் அவசரப்படவில்லை. மென்று முடித்தார்.

அவருக்குத் துக்கம் இல்லை அக்கா. பசி. இவ்வளவு காலமும் அந்தப் பிளாஸ்டிக்கைத் தின்று பார்க்க முயன்றிருக்கிறார்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். தொட்டியில் மீன் உண்டா என்று அன்றுதான் கேட்டார். தங்கமீன் என்றேன்.

"தம்பி, நீங்க செடி வளக்கலை. அதுக்குக் கீரை வாங்கிப் போட்டிருக்கீங்க."

"மீன் தொட்டின்னு சொன்னேனே."

"தொட்டின்னுதான் சொன்னீங்க. சரி விடுங்க, புதுசா வந்திருக்கு. எடுத்து வைக்கட்டுமா?"

எடுத்து வைக்க வேண்டாம் என்றேன். குரல் நடுங்காமல் சொன்னேன். விளக்கைக் கழற்றினேன். பாட்டிலைக் கழுவினேன். பிளாஸ்டிக் செடியைத் தேய்த்துப் பழைய இடத்தில் நட்டேன். மேனேஜர் வந்து தொட்டார், விலகினார். நான் அதற்கு எந்த அர்த்தமும் எடுத்துக்கொள்ளவில்லை. என் வாழ்க்கையில் இது ஒரு முன்னேற்றம் என்று நினைக்கிறேன்.

ஆகவே, தொட்டி நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. மீன் உயிரோடு இருக்கிறது. இரு மடங்காகவும் இருக்கிறது. உன் நிபந்தனையில் எடையைப் பற்றிப் பேச்சு இல்லை. பாப்பாவைத் தயங்காமல் அனுப்பு. செடிகொடி என்ற நினைப்பே எனக்கு இனி இல்லை. மனம் இப்போது சுத்தமான தண்ணீர் போல இருக்கிறது.

மாமாவுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு முத்தங்கள். உன் கோபம் இந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தோடு தீர்ந்துபோகட்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கும்,

உன் தம்பி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் தொட்டியை ஒருமுறை பார்த்தேன். பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால், கூழாங்கல் இடுக்கில், குண்டூசித் தலை அளவுக்கு ஒரு சிவப்பு. வேர் மிஞ்சியிருக்கிறது. நான் பார்த்த அதே நேரத்தில் மேனேஜரும் பார்த்தார். அவர் பார்த்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. விளக்கை மறுபடி மாட்டிவிட்டேன். பாட்டிலும் நுரைக்கத் தொடங்கியிருக்கிறது. இந்த முறை கீழ்வீட்டிலிருந்தே சர்க்கரை கொடுத்தனுப்பினார்கள். பாப்பாவை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம். அறை தயார்தான். குளியலறைதான் காலியில்லை. பெரிய வாளியில், காற்றுக் குழாயோடு, மேனேஜர் அங்கே இருக்கிறார். நானே கதவைத் தட்டிவிட்டுத்தான் போகிறேன்.